அளவு போட்டு வரைந்த காது

19-1-1984, வியாழன்

நல்ல பனி. எட்டரை மணி வரை மேற்கே மலை தெரியவில்லை. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கிற ஆள் வரவில்லை. நாளைக்கு என்று சொல்லியனுப்பினான்.

ரா.வின் காதுத் தழும்பு (டிவைடர் வைத்து, வழக்கம்போல்):
வலது: 11 மி.மீ. போன வாரமும் அதே.
இடது: 17. போன வாரம் 16.

இடது பதினாறரையாகவும் இருக்கலாம். அளக்கும்போது தலையை அசைத்துவிட்டாள்.

"கம்மாக்கரைய அளக்குற மாதிரி வாரா வாரம் அளக்குறீக. அளந்தாக் கொறஞ்சிருமா?"

குறையாது. முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் வாய்க்காலுக்கும் மதகுக்கும் படம் வரைந்தவன் நான். அளந்து எழுதிவிட்டால் ஏதோ செய்ததுபோல ஒரு திருப்தி. அவ்வளவுதான்.

மதியத் தபாலில் மகன் செல்வராஜ் கடிதம். சிங்கப்பூரிலிருந்து 25-ஆம் தேதி புறப்படுகிறார்கள். அவன், வசந்தா, குழந்தை. பிப்ரவரி 3, தை வெள்ளி, குலசாமி கோயிலில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. "அம்மா கட்டாயம் வர வேண்டும். அப்பா, நீங்கள்தான் எடுத்துச் சொல்லிக் கூட்டி வர வேண்டும்."

ரா. மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் கை நிற்கவில்லை.

"நான் வரல. மூளிக்காதோட சபையில போயி நிக்க என்னால ஆகாது. அவ ஆசப்பட்டா, அறுத்து ஒட்டுனா. இப்ப அவளே முன்ன நின்னு எல்லாம் செஞ்சுக்கிரட்டும்."

'அவ' என்றால் வசந்தா. மருமகள் மட்டுமில்லை, ரா.வின் சொந்தத் தம்பி கருப்பையாவின் மகள். தாயில்லாப் பெண். ரா. தூக்கி வளர்த்தவள். அவளோடு பேச்சை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மருந்தடிக்கிற ஆள் நாளைக்கு வர்றானாம்" என்று சொன்னேன்.

20-1-1984, வெள்ளி

பனி குறைவு. ஆள் வந்தான். மருந்து வாடை வீடு முழுக்க. எனக்குத் தும்மல்.

கொழுந்தியாள் சின்னத்தாய் பத்து மணிக்கு வந்தாள். ரா.வின் தங்கை, அடுத்த தெரு. அவள் காதில் தண்டட்டி இன்னும் இருக்கிறது. நடந்து வரும்போது தோளில் மோதி மோதி வருகிறது. நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

"என்ன மச்சான், என் காதையே பாக்குறீக? அக்காவுக்கு அறுத்தது பத்தலையா?"

சும்மா சொன்னதுதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் காப்பியைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

ரா. உள்ளேயிருந்து, "ஏண்டி, வந்ததும் வராததுமா அவுகள வம்புக்கு இழுக்கிற" என்றாள். தலையில் முக்காடு. வெயிலோ பனியோ, வீட்டுக்குள்ளேகூட முக்காடுதான் இப்போது. கேட்கிறவர்களிடம் சளி என்று சொல்கிறாள். ஒன்றரை வருஷச் சளி.

சின்னத்தாய் போன பிறகு கணக்கு ஒன்றும் ஓடவில்லை. பழைய நினைப்பு.

1938. கல்யாணம். ரா.வின் ஊர் கடமலைக்குண்டில், பந்தலுக்குள் தலை குனிந்து இருந்தாள், முகம் தெரியவில்லை. தெரிந்தது இரண்டு தண்டட்டி மட்டும். தாலி கட்டக் குனிந்தபோது இடது பக்கத்துத் தண்டட்டி என் மணிக்கட்டில் இடித்தது. குளுமையாக இருந்தது. உள்ளே அரக்கு அடைத்தது, மேலே பொன் தகடு. பார்க்கிற அளவுக்குக் கனம் இல்லை. எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. முதல் சம்பளம் வாங்கி ஒரு வருஷம்.

ஒரு மாதம் கழித்து, கழற்றிக் கொடு, படம் வரைய வேண்டும் என்று கேட்டேன். சிரித்தாள். கொடுத்தாள். கட்டம், உருண்டை, முக்கோணம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அழகை மேலிருந்து ஒரு பார்வை, முன்னிருந்து ஒரு பார்வை, குறுக்கு வெட்டு என்று மூன்றாக வரைந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அந்தத் தாள் தவறுதலாக உத்தமபாளையம் ஆபீசில் ஒரு மதகுப் படத்தோடு போய்விட்டது. இஞ்சினீயர் கூப்பிட்டார். "இது எந்த வாய்க்கால் மதகுய்யா? தண்ணி எங்கன உள்ள போகுது, எங்கன வெளிய வருது?" ஆபீசே சிரித்தது. தாளை வாங்கி மடித்துக்கொண்டேன். வீட்டில் வந்து சொன்னதும் ரா. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது தண்டட்டி இரண்டும் ஆடிய ஆட்டம்.

அது நன்றாக இருந்தது என்று அவளிடம் சொன்னேனா? சொன்ன ஞாபகம் இல்லை.

22-1-1984, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. பந்தலில் கொத்துகள் நிறம் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன.

இதுவரை இந்த நோட்டில் எழுதாத ஒன்றை இன்று எழுதுகிறேன். எழுதினால் சொல்லத் தைரியம் வரும் என்று ஒரு எண்ணம்.

1982 மாசி. வசந்தாவுக்கு ஏழாம் மாதம். பேறுகாலம் பார்க்கத் தாய் இல்லை, அத்தைதான் போக வேண்டும் என்று முடிவானது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ரா.வைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். ஸ்டூடியோவில் எங்களுக்கு முன்னால் காலேஜ் பெண்கள் இரண்டு பேர். படம் பிடிக்கிறவன், "பாட்டி, காதுல கெடக்குற பூட்டக் கழட்டிருங்க, வெளிச்சம் அடிக்குது" என்றான். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ரா. கழற்றி என் கையில் கொடுத்தாள். வெறும் காது இரண்டும் தோள் வரைக்கும் வளையமாகத் தொங்கியது. மறுபடியும் சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

கொஞ்சம்தான். அவர்களுக்கு மரியாதைக்குச் சிரிப்பதுபோல. ரா. பார்த்தாளா, தெரியாது.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே செல்வராஜுக்குக் கடிதம் எழுதினேன். அங்கே நல்ல டாக்டர்கள் இருப்பதாகக் கேள்வி, நீண்ட காதை அறுத்துச் சிறிதாக்கித் தைத்துவிடலாமாமே, அம்மா அங்கே இருக்கும்போது செய்துவிட்டால் நல்லது, நாலு பேர் பார்த்துச் சிரிக்கிற நிலைமை வேண்டாம். இப்படியெல்லாம். அதோடு ஒரு படமும் வைத்தேன். காதுகள், முழு அளவு, பக்கப் பார்வை. எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்று மில்லிமீட்டரில் குறித்து, நீக்க வேண்டிய பகுதிக்குச் சாய்கோடு போட்டேன். வாய்க்கால் படத்தில் வெட்டி எடுக்க வேண்டிய மண்ணுக்குப் போடுவோமே, அதே சாய்கோடு. அளவு எடுக்க அவள் காதைத் தொடவேண்டியிருக்கவில்லை. எனக்கு மனப்பாடம்.

கடைசி வரி: "நான் சொன்னதாக அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

அப்படியே செய்தான். வசந்தா ஆசைப்படுகிறாள் என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்கவைத்தான். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் அறுவை. தைத்த டாக்டர்மேல் எனக்குக் குறை இல்லை. நான் போட்ட அளவுக்கு வைத்தாரா, தன் அளவுக்கு வைத்தாரா, அதுவும் தெரியாது.

மதுரையில் விமானத்தை விட்டு இறங்கி வந்தாள். முகம் மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் ஏதோ அழித்துவிட்டாற்போல. "எப்புடி இருக்கு?" என்றாள். "நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டாம் மாதமே தையல் போட்ட இடம் தடிக்கத் தொடங்கியது. தோடு போடலாம் என்று தேனியில் ஆசாரியிடம் புதிதாகக் குத்தினோம். சீழ் வைத்து, அந்த இடமும் தடித்தது. இப்போது புளியங்கொட்டை அளவு. தண்டட்டி மாட்ட வளையம் இல்லை, தோடு மாட்டத் துளை இல்லை. புருஷன் இருக்கும்போது மூளிக்காது.

எழுதிவிட்டேன். தைரியம் வந்ததாகத் தெரியவில்லை.

24-1-1984, செவ்வாய்

தேனி. பஸ்ஸில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் ரா.வுக்கு ஒரு ஸீட் கிடைத்தது. நான் நின்றேன்.

போன வேலைகள்:
1. டாக்டர்.
2. மூக்குக்கண்ணாடிக் கால் சரிசெய்தல். (கடை அடைப்பு.)
3. குழந்தைக்குப் பாவாடை சட்டைத் துணி. ரா. எடுத்தாள். வரமாட்டேன் என்கிறவள் துணி மட்டும் அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து எடுத்தாள். இலைப் பச்சை.

டாக்டர் சின்னப் பையன், முப்பது இருக்கும். நல்ல பொறுமை. இது சில பேர் உடம்பின் சுபாவம், தழும்பு அடங்காமல் வளரும், யார் தைத்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். பேரை எழுதிக் கொடுத்தார்: கீலாய்டு. மறுபடி அறுத்தால் இதைவிடப் பெரிதாக வரலாம். மதுரையில் தழும்புக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள், வலிக்கும், கொஞ்சம் அமுங்கலாம், சொல்வதற்கில்லை.

ரா. கேட்டது ஒன்றே ஒன்று. "பழையபடி நீட்ட முடியாதா தம்பி?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார், பிறகு சிரிக்கவில்லை. "முடியாதும்மா" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஓட வேண்டியதாயிற்று. ரா. முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினாள். செல்வராஜ் கைக்குழந்தையாக இருந்தபோது இப்படித்தான், கம்பம் பஸ்ஸைப் பிடிக்க, ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையால் இரண்டு தண்டட்டியையும் சேர்த்துக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு ஓடுவாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். கண்டக்டர், "ஏ ஆத்தா, பைய வா, நகையா பிள்ளையா, எதையாவது ஒண்ண எங்கிட்டக் குடு" என்பான். எந்தக் கண்டக்டரோ. முகம் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள்: "அறுத்த சதைய எங்கன கொண்டுபோயிப் போட்டாகளோ. அத நெனச்சாத்தான் ஒருமாதிரியா இருக்கு. எங்காத்தா குணுக்குப் போட்டுப் போட்டு வளத்த காது."

குணுக்கு என்பது ஈய வளையம். கைக்குழந்தைக் காதில் மாட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கனத்தைக் கூட்டிக் கூட்டி இழுப்பார்கள். வளர்க்கப் பத்து வருஷம். நான் சாய்கோடு போட ஐந்து நிமிஷம்.

28-1-1984, சனி

மேகமூட்டம். மழை இல்லை.

கடமலைக்குண்டு போய் வந்தேன். தனியாக. செல்வராஜும் வசந்தாவும் நேராக அங்கேதான் இறங்கியிருக்கிறார்கள். இங்கே ஓடைப்பட்டிக்கு வந்தால் அத்தை வாசலில் நிறுத்திவிடுவாள் என்று பயம். ரா.விடம் 'போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றேன். "போங்க. நானா பிடிச்சு வச்சிருக்கேன்?" கிளம்பும்போது அந்தப் பச்சைத் துணிப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. கயல்விழி. என் கண்ணாடியைப் பிடுங்கிக் காலை முழுதாகவே ஒடித்துவிட்டாள். சாயலில் ரா. தான். நெற்றி, தாடை எல்லாம்.

கருப்பையா முகம் கொடுத்துப் பேசவில்லை. "அக்கா வரலைன்னா நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சபையில நிக்கிறது மச்சான்? எம் மக என்ன அப்பேர்ப்பட்ட தப்புப் பண்ணிட்டா?" செல்வராஜ் தரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

கிளம்பும்போது வசந்தா பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். குழந்தை இடுப்பில். அவள் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன்.

"மாமா, அந்தப் படம் எங்கிட்டத்தான் இருக்கு."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை.

"டாக்டரம்மாகிட்டக் காட்டுனோம். யாரு வரைஞ்சதுன்னு கேட்டுச்சு அந்தம்மா. இவ்வளவு சுத்தமா ஒரு காதை யாரும் வரைஞ்சு பாத்ததில்லைன்னு சொல்லுச்சு. அப்பறம் அத்தை கண்ணுல படக்கூடாதுன்னு பெட்டிக்கு அடியில வச்சுட்டேன்."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே ஆத்தா."

"கிழிக்க மனசு வரல மாமா. நல்லா வரைஞ்சிருந்தீக."

பஸ் வருகிற சத்தம் கேட்டது. வேறு பஸ்.

"நீ ஏன் அத்தையிட்டச் சொல்லல?"

"என்னயத் திட்டுனா ரெண்டு நாளு திட்டும், விட்ரும்னு நெனச்சேன். ஒங்களத் திட்டுனா வீட்டுல அடுப்பு எரியுமா? நீங்க ரெண்டே பேருதான இருக்கீக அங்கன. ரெண்டு நாளுன்னு நெனச்சது இப்புடி வருசமாப் போச்சு." பிறகு, குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே: "நான் சொல்லமாட்டேன் மாமா. சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்."

ஒரு குறையும் வைத்துச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. எழுபது வயது. ஒரு தாயில்லாப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்றரை வருஷம்.

29-1-1984, ஞாயிறு

சொல்வதற்கு வழிகள்:
(அ) நேரே சொல்வது.
(ஆ) சின்னத்தாய் மூலம். (தெரு முழுக்கத் தெரியும்.)
(இ) கடிதமாக எழுதிக் கொடுப்பது. (அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்ட வேண்டும். அது (அ)வே.)
(ஈ) செல்வராஜைச் சொல்லச் சொல்வது. (போன தடவை செய்தது இதுதான்.)

ஆகவே (அ). காலை சாப்பாட்டின்போது என்று வைத்தேன். கேப்பைக்களி சூடாக இருந்தது, மதியம் என்று மாற்றினேன். மதியம் சின்னத்தாய் இருந்தாள்.

ஞாபகம்: செல்வராஜ் பால் குடிக்கும்போது அவள் காது வளையத்துக்குள் விரலை விட்டுப் பிடித்துக்கொள்வான். விரலை எடுத்தால் அழுவான். மூன்று வயது வரை அப்படித்தான் தூங்கினான். அவனே அந்தக் காதை அறுக்கக் கூட்டிப் போனான். நான் எழுதியதால். அவனுக்கு அந்த வளையம் ஞாபகம் இருந்திருக்குமா? கேட்டதில்லை.

31-1-1984, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மணி மூன்று இருக்கும். அவள் முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அந்தக் கடுதாசி நான் எழுதுனது."

"எந்தக் கடுதாசி?"

"காதை அறுத்து ஒட்டச் சொல்லி, செல்வராஜுக்கு. வசந்தா ஒண்ணும் சொல்லல. நான்தான்."

சுளகில் கை நின்றது. பிறகு மறுபடி ஒரு கல்லை எடுத்து வீசினாள். இன்னொரு கல்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"எத்தன கடுதாசி போட்டா அந்தப் புள்ள. ஒண்ணயாவது வாசிங்கன்னு ஒங்ககிட்டக் கேட்டிருப்பனா நான்? அடுப்புலல்ல போட்டேன்."

ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னேன். நானும் சிரித்ததைச் சொன்னேன். அதைச் சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தேன்" என்றாள்.

சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப, எங்காது ஒங்களுக்கு அசிங்கமாத்தான் இருந்திருக்கு. வந்த நாள்லருந்து. நாப்பத்தாறு வருசமா பக்கத்துல வச்சுக்கிட்டு மனசுக்குள்ள அசிங்கப்பட்டுக்கிட்டே இருந்திருக்கீக."

இல்லை என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டது அது ஒன்றைத்தான். கடிதத்தைக்கூட அவள் பெரிதாகக் கேட்கவில்லை.

1-2-1984, புதன்

பேச்சில்லை. காப்பி வைத்தாள், சோறு வைத்தாள், வெந்நீர் வைத்தாள். எல்லாம் சரியான நேரத்துக்கு. என்னைப் பார்க்கவில்லை.

அளவு எடுக்கவில்லை.

அவளுக்கு எப்படி விளங்கவைப்பது? பஸ்ஸில் தூங்கி என் தோளில் சாயும்போது தண்டட்டியின் கட்டம் என் கழுத்தில் பதியும். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தடம் இருக்கும், ஆபீசுக்குப் போய்த் தடவிப் பார்ப்பேன். வேணாம் என்று தலையாட்டினால் பக்கவாட்டில் ஆடும், சரி என்றால் முன்னும் பின்னும். அவள் வாயால் சொல்லும் முன்னே எனக்குப் பதில் தெரிந்துவிடும். வெளியூர் முகாமில், பெரியாறு வாய்க்கால் ஓரம் கூடாரத்தில், ஆடுமாடுகளின் மணிச்சத்தம் கேட்டால் அவள் தலை திருப்புகிறாள் என்று தோன்றும். இதையெல்லாம் நோட்டில் எழுத வருகிறது. நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. எங்கள் ஆட்களில் யார் பெண்டாட்டியிடம் போய் உன் காது நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான்? அது ஒரு சாக்கு. எனக்குப் பயம். எதற்குப் பயம் என்றும் தெரியாது.

2-2-1984, வியாழன்

லேசான சாரல், காலையில் மட்டும். திராட்சைக்கு ஆகாது.

மத்தியானம் சின்னத்தாய் வந்தாள். உள்ளே ஒரு மணி நேரம் குசுகுசுப்பு. பிறகு என்னிடம் வந்து நின்றாள். கேலி இல்லாத முகம், அது அவளுக்குப் பொருந்தவில்லை.

"அக்கா நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்புது. காதுகுத்துக்கு."

"நல்லது."

"நீங்க வந்தாலும் சரியாம். வராட்டியும் சரியாம். அப்புடியே சொல்லச் சொல்லுச்சு."

"நான் வர்றேன்னு சொல்லு."

"நாலு எட்டு வச்சா அடுப்படி. அத நீங்களே சொன்னா என்ன மச்சான்?" என்றாள். கொஞ்சம் இருந்து, "நானும் இதக் கழட்டி அறுத்து ஒட்டிருவமான்னு ரெண்டு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எடுத்துவைக்க வேண்டியவை: வேட்டி 2, துண்டு, மாத்திரை, பழைய மூக்குக்கண்ணாடி, குழந்தைக்குத் தேங்காய் மிட்டாய்.

4-2-1984, சனி

நேற்று நடந்தது. ராத்திரி திரும்பி வரும்போது அசதி, இப்போதுதான் எழுதுகிறேன்.

நல்ல வெயில். முதல் பஸ்ஸில் தேனி, அங்கிருந்து கடமலைக்குண்டு, பிறகு டிராக்டரில் கோயில். ரா. சின்னத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் பின் ஸீட்.

கோயிலில் பொங்கல் பானைகள் வைத்திருந்தார்கள். வசந்தா எங்களைப் பார்த்து எழுந்து நின்றாள், கிட்ட வரவில்லை. ரா. நேரே அவளிடம் போனாள். நான் நாலடி தள்ளி.

"ஏண்டி, எங்கிட்டச் சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

"சொன்னா மாமாவோட பேசாம இருப்பீக அத்தை."

"இப்ப மட்டும் பேசுறனாக்கும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அழுகையா, சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை. கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பானை பொங்குது, பானை பொங்குது" என்று யாரையோ விரட்டினான். பானை பொங்கவில்லை.

மொட்டை முடிந்து தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். பச்சைப் பாவாடை சட்டை. ஆசாரி சந்தனத்தால் புள்ளி வைத்தார். ரா. குனிந்து பார்த்து, "இடது பக்கம் ஒரு நூலு மேல வைங்க ஆசாரி" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நானும் அதைத்தான் கவனித்தேன். குத்தியதும் குழந்தை வீறிட்டுத் துள்ளியது. ரா. இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டாள். அந்தத் துள்ளலில் முக்காடு நழுவி விழுந்தது. அவள் எடுத்துப் போடவில்லை. கை ஒழியவில்லையா, வேண்டுமென்றேவா, தெரியாது. குழந்தை அடங்கி, ஒரு கை ஒழிந்த பிறகும் எடுத்துப் போடவில்லை.

கருப்பையாவின் பெரியம்மா ஒருத்தி, வயது தொண்ணூறு இருக்கும், கண் பார்வை மட்டும் குறையவே இல்லை. பத்துப் பதினைந்து பெண்களுக்கு நடுவில் சத்தமாகக் கேட்டாள்:

"ஏ ராமுத்தா, காதுல என்னடி அது புளியங்கொட்ட? அத்தாத்தண்டி காதெல்லாம் எங்கனடி போச்சு? எவன் செஞ்ச வேலடி இது?"

எல்லோரும் திரும்பினார்கள். வசந்தா தலை குனிந்தாள். ரா. குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். பிறகு, நிதானமாக:

"எங்க வீட்டுக்காரக செஞ்ச வேலதான் பெரியம்மா. அளவு போட்டு வரைஞ்சு குடுத்தாக."

ஒரே சிரிப்பு. கேலி என்று நினைத்துவிட்டார்கள். "அந்தப் பூச்சியா? அந்த மனுசன் எறும்பக்கூட ஒதுங்கிப் போகச் சொல்லிக் கேப்பாரு" என்றாள் ஒருத்தி. நான் தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். நகர்ந்து போகலாம், பின்னால் வழி இருந்தது. அவளும் சிரிப்போடு சிரிப்பாக விட்டிருப்பாள். ரா. என் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் காத்திருந்தாள் என்று பட்டது. இதில் நான் தப்பாகவும் இருக்கலாம்.

"ஆமா" என்றேன். "நான்தான்."

சிரிப்பு நின்றது.

கிழவி விடவில்லை. "ஏய்யா? படிச்ச மனுசன். அவ காதுல என்ன கொறையக் கண்டீரு?"

"கொறை ஒண்ணும் இல்ல. நாலு பேரு சிரிச்சாக, எனக்கு வெக்கமாப் போச்சு. அது என் புத்தி." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அவ காது நல்லா இருந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு நான் மொதல்ல பாத்ததே அதத்தான். அன்னைலருந்தே நல்லாத்தான் இருந்துச்சு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சின்னத்தாய், "ஏ ஆத்தா, எழுவது வயசுல எங்க மச்சானுக்குப் பேச்சு வந்திருச்சு, சாமிக்கு ஒரு கெடா வெட்டுங்க" என்றாள். கருப்பையா வானத்தைப் பார்த்தான். எனக்கு முகமெல்லாம் வியர்வை, துண்டு எங்கே என்று தெரியவில்லை.

ரா. குழந்தையை வசந்தா கையில் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள். மூன்று நாளில் முதல் பேச்சு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி:

"இத அன்னைக்கே சொல்லிருக்கணும்."

சரி என்றேன்.